அறிக்கைக்குப் பெயர் தந்தவர்

மலேசியாவில் ஆசிரியப் பயிற்சிக்குச் சென்ற தமிழ் மாணவர் எவரும் ‘ரகுமான் தாலிப் அறிக்கை, 1960’ என்னும் தொடரை ஒருமுறையேனும் விடைத்தாளில் எழுதாமல் வெளிவந்ததில்லை. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, அடுத்து இந்த அறிக்கை, அதன்பின் 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் என்று மூன்றையும் வரிசையாக மனப்பாடம் செய்து ஒப்பிப்பது வழக்கமாகிவிட்டது. ரசாக் நாட்டின் இரண்டாம் பிரதமரானதால் அந்தப் பெயருக்கு உரிய முகத்தை யாவரும் அறிவர். ரகுமான் தாலிப் என்ற பெயருக்கு உரிய முகமோ பலருக்குத் தெரியாது. அது ஏதோ ஒரு குழுவின் பெயர் போலவும், ஒரு சட்டத்தின் அடைமொழி போலவும் வகுப்பறைகளில் புழங்கி வருகிறது. அந்தப் பெயரை உடைய மனிதர் ஒருவர் இருந்தார், அமைச்சராக உயர்ந்தார், நீதிமன்றப் படியேறித் தோற்றார், பதவியைத் துறந்தார் என்பதும், அவரை அந்தப் படிகளில் ஏறச் செய்தவர் ஈப்போ நகரத்துத் தமிழர் ஒருவர் என்பதும் பாடநூல்களின் ஓரத்தில்கூட இடம்பெறுவதில்லை.

அப்துல் ரகுமான் தாலிப் பகாங்கு மாநிலத்தைச் சேர்ந்தவர். 1916ஆம் ஆண்டில் பிறந்தவர். அம்னோ இயக்கத்தில் வளர்ந்து, துங்கு அப்துல் ரகுமானின் அமைச்சரவையில் இடம்பெற்றார். குவாந்தான் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1960ஆம் ஆண்டில் கல்வியமைச்சராயிருந்தபோது, ரசாக் அறிக்கையின் நடைமுறையை ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்கு அவரே தலைமை ஏற்றார். பின்னர் வேறு துறைக்குச் சென்று, 1964ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்குப் பின் மீண்டும் கல்வித் துறைக்கு வந்தார். மேடைப் பேச்சால் மக்களை மயக்கியவர் என்றோ, தனித்த கொள்கை ஒன்றை முழங்கியவர் என்றோ அவரைக் கூற இயலாது. அக்காலத்து அமைச்சர் பலரைப் போல, கட்சியின் கருத்தைத் தாளில் இறக்கிச் செயலாக்குவதில் கைதேர்ந்தவர். ஆயினும் தோட்டப்புறத்துத் தமிழ்க் குழந்தை எத்தனை ஆண்டு படிக்கும், எம்மொழியில் படிக்கும், எங்கே நின்றுபோகும் என்பவற்றை வரையறுத்தவர்களுள் அவருக்கு முந்திய இடம் உண்டு.

அறிக்கை வந்த காலத்தில் பேராக் மாநிலத்துத் தோட்டப் பள்ளிகள் இருந்த நிலையை அறிந்தால்தான் அதன் நன்மையும் தீமையும் விளங்கும். சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரங்களிலும், தெற்கே தாப்பா, பீடோர், சிலிம் ரிவர் வரையிலும், மேற்கே தெலுக் ஆன்சன், பாகான் டத்தோ கடலோரம் வரையிலும் பால்மரக் காடுகளின் நடுவே பள்ளிகள் சிதறிக் கிடந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று வெள்ளையர் காலத்துத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. கூறியதை நிருவாகம் நிறைவேற்றிய விதம் வேறு. லயத்தின் கடைசி வீட்டைக் காலி செய்து அதைப் பள்ளி என்றனர். சில இடங்களில் ஆயக் கொட்டகைக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு தட்டியே சுவர். கணக்குப் பிள்ளைக்கு உதவியாயிருந்தவரோ, கோயிலில் தேவாரம் ஓதியவரோ ஆசிரியரானார். ஒரே ஆசிரியர் ஆறு வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக் காத்தார். முதல் வகுப்பு அரிச்சுவடி எழுத, மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்ல, ஆறாம் வகுப்பு மாணவன் ஆசிரியருக்குத் துணையாக நின்று கீழ் வகுப்பை மேய்ப்பான். விடியற்காலைப் பெரட்டுக்குத் தாயும் தந்தையும் போய்விட, தம்பி தங்கையை இடுப்பில் சுமந்தபடியே பள்ளிக்கு வந்த சிறுமியர் பலர். பன்னிரண்டு வயதில் அவர்களுடைய கையில் பால்வாளி வந்துவிடும். அதோடு கல்வி முடிந்தது.

அறிக்கையின் முதற்பயன் இந்த இடத்தில்தான் தெரிந்தது. தொடக்கக் கல்வி இலவசமாக்கப்பட வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1962ஆம் ஆண்டு முதல் அது நடைமுறைக்கு வந்தது. பள்ளியை விட்டு நீங்கும் வயது பதினைந்தாக உயர்த்தப்பட வேண்டும் என்றும் கூறியது. மாதந்தோறும் கட்டும் சில வெள்ளிகூட நான்கு பிள்ளைகள் உள்ள பால்மரத் தொழிலாளிக்குச் சுமைதான். அந்தச் சுமை நீங்கியது. ஆறாம் வகுப்பின் முடிவில் நடந்துவந்த நுழைவுத் தேர்வும் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டு, 1965ஆம் ஆண்டு சனவரி முதல் எல்லாப் பிள்ளைகளும் இடைநிலைப் பள்ளியின் கீழ்ப்படிவங்களுக்குச் செல்லும் வழி திறந்தது. அத்தேர்வில் தேறாத பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு அதுவரை பன்னிரண்டு வயதே கல்வியின் எல்லையாயிருந்தது. தோட்டத்து மண்டோரின் மகனும் கிராணியின் மகனும் ஒரே பேருந்தில் நகரத்துப் பள்ளிக்குப் போகும் காட்சி அதன்பின்னரே பொதுவாயிற்று. பிற்காலத்தில் ஆசிரியராகவும் தாதியராகவும் எழுத்தராகவும் ஆன தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இந்த வாயில் வழியே வந்தவர்கள். அறிக்கையைக் குறை கூறுவோர் இதை மறைத்துக் கூறுவது நேர்மையாகாது.

கொடுத்த கையே எடுத்துக்கொண்டதும் உண்டு. இடைநிலைக் கல்வி ஆட்சிமொழிகளில்தான் நடைபெற வேண்டும், பொதுத்தேர்வுகளும் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே நடத்தப்பட வேண்டும் என்று அறிக்கை வகுத்தது. சீனமொழி இடைநிலைப் பள்ளிகள் அரசின் உதவிப் பணத்தை விரும்பினால் பயிற்றுமொழியை மாற்ற வேண்டும். மாற்ற மறுத்தால் தனியார் பள்ளியாகத் தம் காலில் நிற்க வேண்டும். தமிழுக்கு அத்தகைய இடைநிலைப் பள்ளிகளே இல்லாதபடியால் பறிபோக ஒன்றுமில்லை என்று சிலர் அந்நாளில் ஆறுதல் கொண்டனர். உண்மையில் அது ஆறுதலன்று. தமிழ்க் கல்வி ஆறாம் வகுப்பைத் தாண்டி வளரவே முடியாதபடி மேற்கூரை போடப்பட்டது அப்போதுதான். தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்த மாணவன் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து, மொழி பழகிய பின்பே முதற்படிவம் செல்ல வேண்டும். தன் வயதொத்த மற்றப் பிள்ளைகள் ஒரு படி மேலே போக, தான் மட்டும் பின்தங்கி நிற்பதன் வருத்தத்தைப் பதின்மூன்று வயதில் அனுபவித்தவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. தாய்மொழிப் பாடமும் பதினைந்து பெற்றோர் கேட்டால்தான் நடக்கும். பதினான்கு பேர் கையொப்பமிட்டுப் பதினைந்தாமவர் இரவு வேலையிலிருந்து திரும்பாத இடங்களில் அந்த எண்ணிக்கை எவ்வளவு பெரிய மதில் என்பது தெரிந்தது.

எல்லாவற்றினும் அச்சுறுத்தியது, அறிக்கையைத் தொடர்ந்து வந்த 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2) பிரிவு. தேசிய மாதிரித் தொடக்கப்பள்ளி ஒன்றைத் தேசியப் பள்ளியாக மாற்றுவது பொருத்தம் என்று அமைச்சர் கருதினால், ஆணை பிறப்பித்து மாற்றிவிடலாம் என்பது அதன் சாரம். பெற்றோரைக் கேட்க வேண்டுமென்றோ, பள்ளி வாரியத்தின் இசைவு வேண்டுமென்றோ அதில் இல்லை. அந்த அதிகாரத்தை வீசிப் பள்ளிகளை வாரிச் சுருட்டிய அமைச்சர் எவருமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் உறையிலிருக்கும் வாளும் வாள்தான். தமிழ்ப் பள்ளிக்குக் கல் நாட்ட நன்கொடை கேட்டுச் சென்றவரிடம், “நாளைக்கு இது தமிழ்ப் பள்ளியாக இருக்குமா?” என்று கேட்ட வணிகர்கள் இருந்திருப்பார்களானால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்த அறிக்கை பேராக் மாநிலத்தில் எழுப்பிய அலை பெரிது. சீன ஆசிரியர் சங்கங்களின் தலைவரான லிம் லியான் கியோக் அதைக் கடுமையாக எதிர்த்தார். அவருடைய ஆசிரியப் பதிவு நீக்கப்பட்டது, குடியுரிமையும் பின்னர் பறிக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டில் தெலுக் ஆன்சன் நாடாளுமன்றத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில், ம.சீ.ச.விலிருந்து விலகிச் சுயேச்சையாக நின்ற தூ ஜூன் ஹிங் வெற்றி பெற்றார். கூட்டணியின் தோல்விக்குக் கல்விக் கொள்கைமீது சீன மக்கள் கொண்ட சினமே காரணம் என்று எல்லாரும் கணித்தனர். உதவிப் பணத்தை மறுத்துத் தனித்து நின்ற சீனப் பள்ளிகள் பேராக்கில் நலிந்தன. ஆனால் 1973ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் ஒன்பது தனியார் சீன இடைநிலைப் பள்ளிகளைக் காக்கும் இயக்கம் ஈப்போவில் தொடங்கி, நாடு முழுவதும் பரவியது. ஈயத்தில் பொருள் ஈட்டியவர் முதல் மிதிவண்டியில் பொருள் சுமந்து விற்றவர் வரை அதற்குக் கொடுத்தனர்.

தமிழரிடையே அத்தகைய கொந்தளிப்பு எழவில்லை. எழாததற்குக் காரணம் மொழிப்பற்றின்மை அன்று. பள்ளிகள் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் நிலத்தில் நின்றன. பெற்றோரின் வேலையும் வீடும் அதே நிருவாகத்தின் கையில். அதே காலத்தில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர் துண்டு துண்டாகக் கூறுபோட்டார்கள். வீடே நிலையில்லாதவர் பள்ளிக்கு எப்படிப் போராடுவார்? சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் அத்தொகுதியின் உறுப்பினரும் ம.இ.கா. தலைவருமான வீ. தி. சம்பந்தன் இந்தத் துண்டாடலைத் தடுக்கவே 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டந்தோறும் நடந்து தொழிலாளரிடம் பங்குப் பணம் திரட்டினார். அவர் அமைச்சரவைக்குள் இருந்தவர். உள்ளே இருந்துகொண்டு மெல்லப் பேசிக் காரியம் சாதிக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. உரக்கப் பேசும் உரிமையை அந்த நம்பிக்கைக்காக அவர் விலையாகக் கொடுத்தார்.

உரக்கப் பேச வேறொரு தமிழர் ஈப்போவில் இருந்தார். டி. ஆர். சீனிவாசகம் என்னும் தர்மராஜா சீனிவாசகம் 1921ஆம் ஆண்டில் ஈப்போவில் பிறந்தவர், இலங்கைத் தமிழ்க் குடும்பத்தவர், வழக்கறிஞர். 1953ஆம் ஆண்டில் தோன்றி, பின்னர் மக்கள் முற்போக்குக் கட்சி என்று பெயர் மாறிய கட்சியின் தலைவர். தமையன் எஸ். பி. சீனிவாசகமும் வழக்கறிஞர், அதே கட்சியின் தூண். 1957ஆம் ஆண்டின் இறுதியில், நாடு விடுதலை பெற்ற சில திங்களில், ஈப்போ - மெங்லெம்பு இடைத்தேர்தலில் வென்று டி. ஆர். சட்டமன்றம் புகுந்தார். ஈப்போ நகராட்சியும் அக்கட்சியின் கைக்கு வந்தது. அவருக்கு வாக்களித்தவருள் பெரும்பாலார் கிந்தா பள்ளத்தாக்கின் சீனத் தொழிலாளரும் சிறுவணிகரும் என்பது வியப்புக்குரியது. ஏழைகளின் வழக்குகளைக் கட்டணம் பாராமல் நடத்திய பெயர் அந்தச் சகோதரர்களுக்கு இருந்தது. எல்லா மொழிகளுக்கும் சம உரிமை வேண்டும் என்பது அவர்களுடைய கட்சியின் கொள்கை. தோட்டப்புறத்துத் தமிழரின் வாக்கோ பெரும்பாலும் சம்பந்தனின் பக்கம் நின்றது. ஒரே மாநிலத்தில் முப்பது கல் தொலைவுக்குள் வாழ்ந்த இவ்விரு தமிழரும் எதிரெதிர் வரிசைகளில் அமர்ந்தது, ‘மலேசியத் தமிழரின் குரல்’ என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட விரும்புவோருக்குச் சங்கடமான செய்தி.

அறுபதுகளின் நடுவில் சீனிவாசகம் நாடாளுமன்றத்தில் எழுந்து கல்வியமைச்சர் ரகுமான் தாலிப்மீது ஊழல் குற்றம் சாட்டினார். அவைக்குள் பேசும் பேச்சுக்காக உறுப்பினர் எவர்மீதும் வழக்குத் தொடர முடியாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 63ஆம் பிரிவு காப்புத் தருகிறது. அந்தக் காப்பின் பின்னே ஒளிந்துகொண்டு பேசுகிறார், துணிவிருந்தால் வெளியே சொல்லட்டும் என்ற அறைகூவல் எழுந்தது. இத்தகைய அறைகூவல்களுக்குப் பின் பேச்சு அடங்கிப்போவதே வழக்கம். சீனிவாசகம் அடங்கவில்லை. கோலாலம்பூர்ச் சீனர் சபை மண்டபத்தில் கூடிய மக்கள்முன் நின்று அதே குற்றச்சாட்டை மீண்டும் சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடர்ந்தார்.

அவதூறு வழக்கின் தன்மையை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. அவதூறாகப் பேசப்பட்டவர், தாம் குற்றமற்றவர் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தாம் சொன்னது உண்மை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைப் பேசியவரே சுமக்கிறார். சான்று போதாவிட்டால் அவர் இழப்பீடு கட்ட வேண்டும். வழக்கறிஞரானால் பெயரும் தொழிலும் சேர்ந்து சரியும். அதிகாரத்தில் உள்ளவர் பக்கம் கோப்புகளும் அலுவலர்களும் இருக்க, எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் இந்தச் சுமையைத் தாமே விரும்பித் தலையில் ஏற்றிக்கொண்டது சிறிய செயலன்று. உயர் நீதிமன்றம் அமைச்சரின் வழக்கை ஏற்கவில்லை. மேல்முறையீடும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1965ஆம் ஆண்டில் ரகுமான் தாலிப் பதவி விலகினார். முகம்மது கிர் ஜொகாரி மறுபடியும் கல்வியமைச்சரானார்.

இங்கே ஒரு மயக்கம் தீர வேண்டும். தமிழுக்கும் சீனத்துக்கும் தீங்கு செய்த அமைச்சரை மொழிப்பற்று மிக்க தமிழர் ஒருவர் வீழ்த்தினார் என்று கதை சொல்லச் சிலருக்கு ஆசை. கேட்க இனிமையாயிருப்பினும் அது உண்மையன்று. வழக்கு நடந்தது ஒரு தனிமனிதரின் நடத்தை பற்றி. கல்வி அறிக்கையின் ஒரு வரிகூட அந்த நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரவில்லை. அமைச்சர் போனார், அறிக்கை போகவில்லை. அவர் விலகிய மறுநாளும் புகுமுக வகுப்பு நடந்தது, 21(2) பிரிவு சட்டநூலில் அதே பக்கத்தில் இருந்தது, இலவசக் கல்வியும் தொடர்ந்தது. கொள்கை ஒரு கட்சியினுடையது, ஒரு கூட்டணியினுடையது, அதில் ம.சீ.ச.வும் ம.இ.கா.வும் பங்காளிகள். ஒருவருடைய பெயரை அதன் நெற்றியில் ஒட்டியதால் மற்றவர்கள் எளிதாகத் தப்பித்துக்கொண்டார்கள் என்றே கூறத் தோன்றுகிறது. அதேபோல், நீதிமன்றத்தில் தோற்றவர் என்பதற்காக அவர் எழுதிய நல்ல பரிந்துரைகளைத் தள்ளிவிடவும் இயலாது.

வழக்கில் தோற்றவுடன் பதவி விலகினார் என்பதையும் அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். துங்குவின் காலத்தில் நீதிமன்றத் தீர்ப்பு ஓர் அமைச்சரை வீட்டுக்கு அனுப்பும் ஆற்றல் பெற்றிருந்தது. கட்சி அவரைத் தூக்கிப் பிடித்து நிறுத்தவில்லை, கூட்டம் கூட்டி முழக்கம் போடவில்லை. பிற்கால அரசியலைப் பார்த்தவர்களுக்கு இது வேற்று நாட்டுச் செய்தி போலத் தோன்றலாம். ஆனாலும் கதவு முழுவதும் அடைபடவில்லை. அவர் எகிப்து நாட்டுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். 1968ஆம் ஆண்டில் காலமானார். குவாந்தானில் ஓர் இடைநிலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வென்றவருக்கும் வாழ்நாள் நீளவில்லை. 1969ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பொதுத்தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கையில், சீனிவாசகம் மாரடைப்பால் மறைந்தார். வயது நாற்பத்தெட்டுக்கூட நிறையவில்லை. தமையன் தலைமையேற்க, மே 10ஆம் நாள் நடந்த தேர்தலில் கட்சி பேராக்கில் பெருவெற்றி பெற்றது. மூன்றாம் நாள் கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்து நாடாளுமன்றமே முடங்கியது. 1971ஆம் ஆண்டில் அவை மீண்டும் கூடியபோது, 63ஆம் பிரிவு தந்த காப்பு சில பொருள்களைப் பொறுத்தவரை குறைக்கப்பட்டது. மொழியும் அவற்றுள் ஒன்று. நகராட்சித் தேர்தல்கள் 1965ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டன. மக்கள் முற்போக்குக் கட்சி ஆளும் அணியில் சேர்ந்து 1974ஆம் ஆண்டுத் தேர்தலைச் சந்தித்து, தன் கோட்டையாயிருந்த ஈப்போவிலேயே சாய்ந்தது. எதிர்த்து நின்றதற்காகவே வாக்களித்த மக்கள், சேர்ந்து நின்றபோது வாக்களிக்க மறுத்தனர். டி. ஆர். பெயரில் ஈப்போவில் பூங்கா ஒன்று இருக்கிறது. மாலையில் அங்கே குழந்தைகளை ஊஞ்சலாட்டும் பெற்றோருள் எத்தனை பேர் பலகையின் பெயரைப் படிக்கிறார்களோ!

அறிக்கை மட்டும் தன் வழியே சென்றது. எழுபதுகளில் ஆங்கிலவழி வகுப்புகள் முதலாம் ஆண்டிலிருந்து படிப்படியாக மலாய்க்கு மாறியபோது, புகுமுக வகுப்பில் ஆங்கிலம் பழகி வந்த தமிழ் மாணவரின் இடத்தில் மலாய் பழகும் மாணவர் அமர்ந்தார். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாற, பால்மரத்தோடு பள்ளிகளும் மறைந்தன. விடுதலைக் காலத்தில் நாட்டில் 800க்கு மேலிருந்த தமிழ்ப் பள்ளிகள் இந்நாளில் 530க்கும் குறைவு. இந்தக் குறைவுக்கு 21(2) பிரிவு காரணமன்று. ஒரே ஓர் ஆணையும் வேண்டாமல், நிலம் விற்கப்பட்டதாலும் தொழிலாளர் நகரத்துக்குப் பெயர்ந்ததாலும் சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டும் மூடப்பட்டும் போயின. அமைச்சரின் வாளுக்கு அஞ்சிக் காவல் இருந்த நேரத்தில் அரிப்பு அடிமண்ணில் நடந்தது. 1996ஆம் ஆண்டில் புதிய கல்விச் சட்டம் வந்தபோது அந்தப் பிரிவு இடம்பெறவில்லை. முப்பத்தைந்து ஆண்டு அது சட்டத்தில் இருந்தது. அதை எழுதிய அமைச்சர் அவ்வளவு நீண்ட காலத்தில் நான்கே ஆண்டுதான் அமைச்சராக நீடித்தார்.